ஒன்பதாம் போரில் தூக்கியிருந்த பானட்

என் பெயர் மார்னி ரூத் டிரெலோர். வயது ஐம்பத்து நான்கு. குயின்ஸ்லாந்து மாநிலத்தின் மேற்குக் கோடியில் வாரம்புல் ஊரில், தண்ணீர்த் தொட்டித் தெரு, ஏழாம் எண் வீட்டில் குடியிருக்கிறேன். பதினாறு வருடங்களாகத் தபால் வண்டி ஓட்டுகிறேன். செவ்வாயும் வெள்ளியும் காலையில் புறப்பட்டு, வடக்கே நூற்று நாற்பது கிலோமீட்டர் மண் பாதையில் போய், வழியிலுள்ள ஆறு மாட்டுப் பண்ணைகளுக்குத் தபாலும் மருந்தும் சாமானும் இறக்கிவிட்டு, அதே பாதையில் திரும்புவது என் வேலை. நேற்று செவ்வாய்க்கிழமை என் தம்பி கிளைவ் ஆலன் டிரெலோர், வயது நாற்பத்தொன்பது, இறந்துபோனது சம்பந்தமாக, சீனியர் கான்ஸ்டபிள் ஹாலோரன் அவர்களிடம் இதைச் சொல்கிறேன். யாரும் என்னை வரச் சொல்லவில்லை. ஊரில் வேறு இரண்டு பேரைப் பற்றிப் பேச்சு அடிபடுகிறது. அவர்கள்மேல் பழி விழக் கூடாது என்று நானாக வந்தேன்.

கிளைவ் பண்ணைகளுக்கு வேலி போடுகிறவன். கல்யாணம் ஆகவில்லை. என் வீட்டுப் பின்பக்க அறையில்தான் இருந்தான். அவனுடைய வெள்ளை பிக்கப் வண்டி எந்நேரமும் முள்புல் காட்டுக்குள் ஓடுவதால், அந்தப் புல்லின் பதரும் விதையும் என்ஜினைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். சூடான புகைக்குழாயில் பட்டால் தீப்பிடித்து வண்டியே எரிந்துபோகும். அதனால் மாதம் ஒரு முறை பானட்டைத் திறந்து என்ஜினைக் கழுவியே ஆக வேண்டும். ஊருக்குள் தண்ணீர்க் கட்டுப்பாடு இருப்பதால், வடக்கே அறுபத்திரண்டாவது கிலோமீட்டரில் ஒன்பதாம் போர் என்று நாங்கள் சொல்லும் ஆழ்துளைக் கிணற்றுத் தொட்டிக்குப் போய் அங்கே கழுவுவான்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு அவன் சூடான என்ஜினில் பெட்ரோல் பங்க் பிரஷர் கன்னைப் பிடித்துப் பீய்ச்சி அடித்துவிட்டான். டைனமோவுக்குள் தண்ணீர் இறங்கி, மறுநாள் நடுக்காட்டில் வண்டி நின்றது. இரண்டு நாள் அரை பாட்டில் தண்ணீரோடு கிடந்தவனை நான்தான் கண்டுபிடித்தேன். அதன் பிறகு, எப்படிக் கழுவ வேண்டும் என்று அவனுக்கு நான் படித்துப் படித்துச் சொன்னேன். எங்கள் அப்பா மெக்கானிக், எனக்கு அது தெரியும். உள்ளங்கையை வைத்துப் பார்க்கிற அளவுக்கு என்ஜின் ஆற வேண்டும். பேட்டரியின் கறுப்பு ஒயரைக் கழற்றிவிட வேண்டும். டைனமோ, காற்று போகும் வாய், பியூஸ் பெட்டி மூன்றுக்கும் ரொட்டிப் பை மாட்டி ரப்பர் போட்டுக் கட்ட வேண்டும். காய்ந்த புல்லை முதலில் கையாலேயே பிடுங்கி எடுக்க வேண்டும். அதன் பிறகு சோப்புத் தண்ணீர், அதன் பிறகு சாதா ஹோஸில் மெதுவாக அலச வேண்டும், பீய்ச்சவே கூடாது. கடைசியாக ஒரு மணி நேரமாவது பானட்டைத் தூக்கி வைத்துக் காயவிட்டு, பையை எண்ணி எடுத்துவிட்டு, ஒயரை மாட்ட வேண்டும். இவ்வளவையும் கேட்டுவிட்டு அவன், "பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுற மாதிரியில்ல சொல்ற. பவுடரும் போடணுமா?" என்றான். கிண்டல் பண்ணினாலும் அப்படியே செய்தான். இரண்டு வருடமாக ஒரு தடவைகூடத் தவறவில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பாதையில் தூக்கிய பானட்டுக்கு ஒரே அர்த்தம்தான்: வண்டி நின்றுவிட்டது, உதவி வேண்டும். ஜென்மப் பகையாளியின் வண்டியாக இருந்தாலும் நிறுத்தாமல் ஒருவனும் போக மாட்டான். போன மாதம் கிளைவ் என்ஜின் கழுவிக் காயவைத்திருந்தபோது, நான்கு வண்டிகள் அடுத்தடுத்து நின்று, ஆளுக்கொரு யோசனை சொல்லி, அவன் டீயையும் குடித்துத் தீர்த்துவிட்டுப் போனார்கள். "என்ஜின் காயறதுக்குள்ள பஞ்சாயத்தே கூடிடுச்சு" என்று வீட்டுக்கு வந்து புலம்பினான். நான் அதைக் கேட்டுச் சிரித்தேன். அடுத்த தடவை ஒருவரும் அவனைத் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன். அவனிடம் அதைச் சொல்லவில்லை.

நேற்றுக் காலை ஏழு மணிக்கு இருவரும் சாப்பிட்டோம். அவன் ஏழே காலுக்குப் புறப்பட்டுப் போனான். தபாலைப் பிரித்து ஏற்றிவிட்டு நான் எட்டரைக்குப் புறப்பட்டேன். அதன் பிறகு எட்டு நாற்பதுக்கு ஒரு தடவையும், ஒன்பதரைக்கு ஒரு தடவையும், பாதையில் போகிற எல்லோரும் கேட்கிற சேனலில் வண்டி ரேடியோவைப் பிடித்து நான் பேசினேன். பேசியது வார்த்தை மாறாமல் இது: "ஒம்பதாம் போர்ல வெள்ளை வண்டி பானட்டைத் தூக்கிட்டு நிக்கும். பயப்படாதீங்க, எங்க கிளைவ் என்ஜினைக் குளிப்பாட்டுறான். ஒருத்தரும் நிறுத்தாதீங்க, நிறுத்தினா பேசிப் பேசியே உங்க காதைத் தின்னுடுவான்." மாட்டு லாரி ஓட்டும் பாரி ஸ்காலி வடக்கிலிருந்து வந்துகொண்டிருந்தார். அவர், "உத்தரவு மகராசி. போன தடவை அவன் குடுத்த டீயே இன்னும் வயித்துல நிக்குது" என்றார். கல்குர்ரா பண்ணையின் ஜோன் விக்ஹாமும் கேட்டுவிட்டுச் சரி என்றார். நாங்கள் மூவரும் சிரித்தோம்.

பத்து இருபதுக்கு ஒன்பதாம் போரைத் தாண்டினேன். தொட்டி பாதையிலிருந்து எண்பது மீட்டர் உள்ளே இருக்கிறது. பானட் தூக்கியிருந்தது. கிளைவ் முன்சக்கரத்தில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தான். வலது கையில் வெள்ளையாக ஏதோ சுற்றியிருந்தது தெரிந்தது, துடைக்கிற துணி என்று நினைத்தேன். அவன் இடது கையைத் தூக்கினான். நான் இரண்டு தடவை ஹாரன் அடித்து, ஜன்னல் வழியே, "காது, மூக்கெல்லாம் நல்லாத் தேய்ச்சு விடு!" என்று கத்திவிட்டுப் போனேன். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை.

அதன் பிறகு பதினொன்று ஐந்துக்கு பாரி ஸ்காலி அந்த இடத்தைத் தாண்டினார். "பார்த்தேன், ராஜா மாதிரி நிழல்ல சாஞ்சிருக்கான், கை காட்டினான்" என்று ரேடியோவில் சொன்னார். பன்னிரண்டரைக்கு ஜோன் விக்ஹாம் இரண்டு பிள்ளைகளோடு ஊருக்குப் போகும்போது தாண்டினார். பிள்ளைகள் டாட்டா காட்டியதாகவும் அவனும் திருப்பிக் காட்டியதாகவும் நேற்று இரவு என்னிடம் சொல்லி அழுதார். இரண்டு பேரும் நான் சொன்னதால்தான் நிறுத்தவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இரண்டு பேரும் நிறுத்தியிருப்பார்கள்.

நான் கடைசிப் பண்ணை வரை போய்விட்டு, இரண்டு முப்பத்தைந்துக்கு ஒன்பதாம் போருக்குத் திரும்பினேன். பானட் அப்போதும் தூக்கியிருந்தது. நாற்பத்தொரு டிகிரி வெயிலில் எந்த என்ஜினும் காய ஐந்து மணி நேரம் ஆகாது. வண்டியை உள்ளே திருப்பினேன். கிளைவ் இப்போது பக்கவாட்டில் படுத்திருந்தான். சட்டையைக் கிழித்து, விரலிலிருந்து தோள் வரை இறுக்கச் சுற்றி, டயர் கழற்றும் கம்பியை அணைவாக வைத்துக் கட்டியிருந்தான். முதலுதவி வகுப்பில் சொல்லித்தந்தது போலவே இருந்தது.

"பாம்பு, மார்னி. புல்லைப் பிடுங்கறப்ப. உள்ளதான் சுருண்டிருந்துச்சு, பழுப்புப் பாம்பு" என்றான்.

"எப்போடா?"

"ஒம்பதரை இருக்கும்."

"ரேடியோல கூப்பிட என்னடா கேடு?"

"வந்ததுமே பேட்டரி ஒயரைக் கழட்டியாச்சுல்ல. எழுந்து மாட்டலாம்னு பார்த்தேன், கால் நிக்கல. கடிச்சா அசையக் கூடாதும்பாங்க. பானட்தான் தூக்கியிருக்கே, யாராவது நிப்பாங்கன்னு உக்காந்துட்டேன்."

நான் என்ஜினைப் பார்த்தேன். ரொட்டிப் பை மூன்றும் ஒழுங்காகக் கட்டியிருந்தன. கறுப்பு ஒயர் கழற்றி ஓரமாக மடித்து வைத்திருந்தது. என்ஜினில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படவில்லை. காயவைக்க அங்கே எதுவுமே இல்லை. எல்லாம் நான் சொன்னபடி செய்திருந்தான்.

அதன் பிறகு என் ரேடியோவில் கத்தினேன். வாரம்புல் நர்ஸ் பேசினார், விமான டாக்டர் புறப்பட்டுவிட்டார், கல்குர்ரா பண்ணையின் ஓடுதளத்தில் நான்கு மணி சுமாருக்கு இறங்குவார், அங்கே கொண்டுபோங்கள் என்றார். அது முப்பத்தெட்டு கிலோமீட்டர் வடக்கே. கிளைவ் என்னைவிட இருபது கிலோ கூட. எப்படித் தூக்கினேன் என்று எனக்குத் தெரியாது. தபால் மூட்டைகள்மேல் படுக்க வைத்தேன். ஈறிலிருந்து இரத்தம் வந்துகொண்டிருந்தது. இமை தானாக மூடியது. "ரெண்டு மார்னி தெரியுது. ஊருக்கு ஒண்ணே தாங்காது" என்றான். நான் அவனை வாயில் வந்தபடி திட்டினேன். திட்டினால் விழித்திருப்பான் என்று திட்டினேன். கண்ணை மூடினால் உன் மண்வெட்டியையெல்லாம் தூக்கிக் குப்பையில் போடுவேன் என்றேன். சின்ன வயதில் விட்டுப்போன ஜெபங்களையெல்லாம் பாதி பாதியாகச் சொன்னேன். கடவுளே, இவனை எடுக்காதே, என்னை எடுத்துக்கொள் என்று சத்தமாகக் கேட்டேன். பாரி ஸ்காலி ரேடியோவில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை, "மூச்சு இருக்கா, மார்னி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் இருக்கிறது, இருக்கிறது என்றேன்.

பாதி வழியில் கிளைவ் சொன்னான். "நீ ஹாரன் அடிச்சப்போ, நிறுத்தப்போறன்னு நினைச்சேன்."

கொஞ்ச தூரம் போனதும் கேட்டான். "ஏன் மார்னி ஒருத்தருமே நிக்கல? நான் யாருக்கு என்ன பண்ணினேன்?"

நான் பதில் சொல்லவில்லை. பாதையைப் பார்த்து ஓட்டினேன். சொல்லியிருக்கலாம். நான்தான் நிறுத்த வேண்டாம் என்று சொன்னேன், ஊர் உன்னை வெறுக்கவில்லை என்று சொல்ல ஐந்து விநாடி போதும். ஆஸ்பத்திரியில் எழுந்து உட்கார்ந்த பிறகு சொல்லலாம், நன்றாகத் திட்டு வாங்கலாம் என்று நினைத்தேன். அவன் அதற்குப் பிறகு வேறு எதுவும் பேசவில்லை.

மூன்று முப்பத்திரண்டுக்கு ஓடுதளத்தை அடைந்தோம். ஜோனின் கணவர் டெட் விக்ஹாம் மாடுகளை விரட்டிவிட்டு, தார்ப்பாயைப் பிடித்து நிழல் போட்டுக் காத்திருந்தார். மூன்று நாற்பத்தெட்டுக்கு கிளைவின் மூச்சு நின்றது. நானும் டெட்டும் மாறி மாறி நெஞ்சை அழுத்தினோம். நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு விமானம் இறங்கியது. டாக்டரும் நர்சும் ஓடி வந்து எங்களை விலக்கிவிட்டு ஊசி போட்டுப் பார்த்தார்கள், எந்திரம் வைத்துப் பார்த்தார்கள். நான்கு இருபத்தாறுக்கு டாக்டர் எழுந்து கையுறையைக் கழற்றினார். நான் இன்னும் ஒரு தடவை பாருங்கள் என்று அவர் காலைப் பிடித்தேன். அவர் இன்னும் ஒரு தடவையும் பார்த்தார்.

இதுவரை சொன்னதை சீனியர் கான்ஸ்டபிள் எழுதி முடித்து எனக்குப் படித்துக் காட்டினார். அதில் ஓர் இடத்தில், "கிளைவ் உதவிக்குக் காத்திருந்ததை அவ்வழியே சென்றவர்கள் கவனிக்கத் தவறினர்" என்று இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. அந்த வரியை அடிக்கச் சொன்னேன்.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "மார்னி, இது உங்க தப்பு இல்ல. வேற மாதிரி எழுதினா நாளைக்கு கோர்ட்ல உங்களை நிக்க வச்சுக் கேப்பாங்க" என்றார். நல்ல மனிதர். என் வீட்டில் கை நனைத்தவர்.

"கேக்கட்டும்" என்றேன். "அவன் கேட்டப்போதான் நான் சொல்லல."

அவர் அந்த வரியை அடித்தார். அதற்குப் பதிலாக நான் சொல்லச் சொல்ல, "பார்த்தேன், நிறுத்தவில்லை, மற்றவர்களையும் நிறுத்த வேண்டாம் என்று சொன்னவள் நானே" என்று எழுதினார். அதன் ஓரத்தில் என் சுருக்கொப்பம் போட்டேன்.

அடித்து எழுதிய அந்த வரியையும் சேர்த்து, இதில் உள்ளதெல்லாம் நான் என் வாயால், யார் வற்புறுத்தலும் இல்லாமல் சொன்னது. எல்லாம் உண்மை. என்னிடம் வேறு சொல்ல இல்லை.

(ஒப்பம்) மார்னி ரூத் டிரெலோர்
வாரம்புல், புதன்கிழமை, காலை 11.40

என் முன் சொல்லி, என் முன் கையெழுத்திட்டார்.
(ஒப்பம்) சீனியர் கான்ஸ்டபிள் ஹாலோரன்