அடுத்த வரி

தம்பி: பூஜ்யம்தான் வருது அண்ணி. மூணு தடவை தேடியாச்சுன்னு அறிக்கையிலயே எழுதியிருக்கேனே.

அண்ணி: நாலாவது தடவை தேடுங்க. ஏழு மாடி படியேறி வந்திருக்கேன், சும்மா அனுப்பாதீங்க.

தம்பி: நாளைக்கு வந்திருந்தா லிஃப்ட்லயே வந்திருக்கலாம். நாளைக்குக் காலையில திறக்கிறாங்க.

அண்ணி: அதனாலதான் இன்னைக்கே வந்தேன்.

தம்பி: அண்ணன் அனுப்பினானா?

அண்ணி: அவர் எதுக்கு அனுப்பணும்? இங்க லிஃப்ட்டைப் பார்த்துக்கிட்டிருந்தவர், கதவு திறந்திருக்கும்போதே அது நகருதுன்னு சொன்னார். பொய் சொல்லி லிஃப்ட்டைப் பூட்ட வச்சான்னு வேலையை விட்டுத் தூக்கினாங்க. உங்க அறிக்கையை வச்சுத்தான்.

தம்பி: நான் என்ன பண்றது? லிஃப்ட் ஒவ்வொரு அசைவையும் கம்ப்யூட்டர்ல தானா எழுதி வைக்கிற பதிவுல அப்படி ஒண்ணுமே இல்ல.

அண்ணி: சரி... எப்படித் தேடினீங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.

தம்பி: இதுக்குப் பேரு ரெஜெக்ஸ், எப்படிப்பட்ட எழுத்தைத் தேடணும்னு கம்ப்யூட்டருக்குக் குறியீட்டுல சொல்றது. இங்க பாருங்க, 'கதவு திறந்தது'. அப்புறம் ஒரு புள்ளி, ஒரு நட்சத்திரம். கடைசியில 'நகர்ந்தது'. நடுவுல எது வேணா எவ்வளவு வேணா இருக்கட்டும்னு அர்த்தம்.

அண்ணி: எது வேணாவா?

தம்பி: எது வேணா.

அண்ணி: இந்தத் தாளைப் பாருங்க. உங்க அண்ணன் பையில இருந்துச்சு. இதுவும் அதே பதிவுதானே?

தம்பி: ஆமா. 'கதவு திறந்தது'. அதுக்குக் கீழ... 

அண்ணி: கீழ என்ன?

தம்பி: 'நகர்ந்தது'.

அண்ணி: அடுத்த வரியில இருக்கு.

தம்பி: புள்ளி... வரி முடியற இடத்துல நின்னுடும் அண்ணி. அடுத்த வரிக்குத் தாண்டாது.

அண்ணி: எது வேணான்னு சொன்னீங்க.

தம்பி: வரி முடிவைத் தவிர எது வேணா. இருங்க... இருங்க. நான் சோதிச்சுப் பார்த்துட்டுத்தானே ஓட்டினேன்.

அண்ணி: எதுல சோதிச்சீங்க?

தம்பி: நானே டைப் பண்ணின ஒரு மாதிரிப் பதிவுல. ரெண்டையும்... ஒரே வரியில அடிச்சிருந்தேன்.

அண்ணி: நல்லா இருக்கு. நீங்களே கேள்வி, நீங்களே பதில்.

தம்பி: இருங்க, வரியைத் தாண்டச் சொல்லிட்டேன். இப்ப ஓடுது.

அண்ணி: எத்தனை?

தம்பி: ஒண்ணு.

அண்ணி: ஒண்ணே ஒண்ணா? அதுக்கா இவ்வளவு...

தம்பி: இல்ல, இது மலைமுழுங்கி. முதல் 'திறந்தது'ல வாயைத் திறந்து, கடைசி 'நகர்ந்தது' வரைக்கும் மொத்த பதிவையும் ஒரே வாயா விழுங்கியிருக்கு. அப்படி விடக்கூடாது. 'திறந்தது' வரிக்கு நேர் அடுத்த வரியே 'நகர்ந்தது'ன்னு இருந்தா மட்டும் எடுன்னு மாத்தறேன்.

அண்ணி: ஒழுங்கா ஓடினா நடுவுல என்ன இருக்கும்?

தம்பி: 'கதவு மூடியது'ன்னு ஒரு வரி இருக்கணும். அது இல்லாத இடம் மட்டும் வரும்.

அண்ணி: வந்துடுச்சா?

தம்பி: வந்துடுச்சு அண்ணி.

அண்ணி: திரையை இந்தப் பக்கம் திருப்புங்க. இது என்ன, நாற்பத்தி மூணா?

தம்பி: மூணு மாசத்துல நாற்பத்தி மூணு தடவை. காத்துல கால் வைக்கிற மாதிரி... ஜனங்க அதுல ஏறி இறங்கியிருக்காங்க அண்ணி. என் பொண்ணு பள்ளிக்கூடம் விட்டு நேரா இங்கதான் வருவா.

அண்ணி: தண்ணி குடிங்க முதல்ல.

தம்பி: தண்ணி வேணாம். மேனேஜருக்கு போன் போடறேன். நாளைக்குத் திறக்கக் கூடாது.

அண்ணி: போடுங்க. என்ன சொல்வீங்க?

தம்பி: என் தப்புன்னு சொல்வேன். அண்ணி... அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அண்ணன் தேதி, நேரம் எல்லாம் எழுதிக் கொடுத்து, மறுபடி தேடுடான்னு கெஞ்சினான். நான் அந்தச் சீட்டைப் பிரிக்கவே இல்ல. மூணு தடவைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேனே, தேடினது ஒரே தடவை.

அண்ணி: அது அவருக்குத் தெரியும் தம்பி. உங்க தேடல் அடுத்த வரிக்குத் தாண்டலைங்கறதும் அறிக்கையைப் படிச்ச அன்னைக்கே தெரியும். சொன்னா உங்க வேலை போயிடும், லிஃப்ட்தான் பூட்டிக் கிடக்கேன்னு வாயை மூடிக்கிட்டார். நாளைக்குத் திறக்கிறாங்கன்னு காதுல விழுந்ததும் இந்தத் தாளை என் கையில கொடுத்து, 'அவனே கண்டுபிடிச்ச மாதிரி இருக்கட்டும்'னார்.