மூடிய கடைக்கு ஒரு விளம்பரம்

— கடையை மூடி எட்டு மாசம் ஆச்சு. போர்டைக்கூடக் கழட்டிட்ட. அப்புறம் எதுக்குண்ணே டெலிபோன் டைரக்டரி ஆபீஸ்ல வந்து உக்கார்ந்திருக்க?

— இங்க ஃபேன் நல்லா ஓடுது.

— கதை விடாத. கையில போன வருஷ ரசீது வெச்சிருக்க. ஷட்டர் ரிப்பேர் விளம்பரத்தைப் புதுப்பிக்கத்தானே வந்த?

— பழக்க தோஷம், வாண்டு. இந்த மாசம் வந்தா கால் தானா இந்த மாடிப்படி ஏறிடுது. அது கிடக்கட்டும், நீ எதுக்கு வந்த?

— அரைப் பக்கம் கொடுக்கப் போறேன்.

— அரைப் பக்கமா? போன தடவை தீப்பெட்டி அளவுல ஒரு கட்டம்தானே கொடுத்த?

— அது போன தடவை. இந்தத் தடவை நடுவுல பெரிய ஷட்டர் படம், பக்கத்துல நான், கையில கிரீஸ் டப்பா.

— பேய்ப் படம்னு நினைச்சு ஜனங்க பக்கத்தையே கிழிச்சிடுவாங்க.

— உன் மீசைப் படத்தை இருபது வருஷம் தாங்கினவங்க, என்னையும் தாங்குவாங்க.

— அரைப் பக்கத்துக்குப் பணம் எங்கேருந்து வந்துச்சு?

— புது வெல்டிங் மெஷினுக்குச் சேர்த்து வெச்சது. பழசு இன்னும் ஒரு வருஷம் இழுக்கும்.

— எங்க இழுக்கும்? போன மாசம் உன்னைத்தான் இழுத்துச்சு. ஷாக் அடிச்சு சுவர்ல போய் முட்டிக்கிட்டியாமே, மாப்பிள்ளை சொன்னார்.

— எங்க வீட்டுக்காரர் வாய்க்கு மட்டும் ஒரு ஷட்டர் போட முடியல.

— சிரிக்காத. மெஷினை வாங்கு. டைரக்டரியை இப்ப யார் பார்க்கறாங்க? எல்லாரும் போன்லயே தேடிக்கறாங்க. எங்க வீட்டுப் புத்தகம் பீரோ காலுக்கு அடியில இருக்கு. உங்க வீட்டுது எங்க?

— சின்னவளுக்கு மேஜை எட்டல. அதைப் போட்டு அது மேல உக்கார்ந்து சாப்பிடறா. பிளாஸ்டிக் உறையோடவே இருக்கு, துடைக்கச் சுலபம்.

— பாரு. காசு கொடுத்து விளம்பரம் போட்டவளே உறையைப் பிரிச்சுப் பார்க்கல.

— நான் எதுக்குப் பார்க்கணும்? எனக்கு என் நம்பர் தெரியாதா? பார்க்க வேண்டியவங்க பார்க்கறாங்க. ஷட்டர் ரிப்பேர்க்காரங்க நம்பரை யாரும் ஆசையா எழுதி வெச்சுக்க மாட்டாங்க. பாதியில நின்ன அன்னைக்குத்தான் தேடுவாங்க. அன்னைக்குக் கல்லாவுக்கு அடியில கிடக்கறது அந்தப் புத்தகம்தான்.

— விளம்பர ஏஜென்ட் மாதிரியே பேசற.

— அனுபவம் பேசுது. பத்து வருஷம் விளம்பரமே இல்லாம ஓட்டினேன். மாசத்துக்கு ஒரு வேலை வந்தாப் பெரிசு. போன வருஷம்தான் முதல் தடவையா கட்டம் கொடுத்தேன். புத்தகம் வந்து ஒரு மாசத்துல போன் அடிக்க ஆரம்பிச்சுது. இப்ப வாரத்துக்கு ரெண்டு பேர், மூணு பேர். ஒருத்தரையும் விடாம நம்பர் எங்க கிடைச்சுதுன்னு கேக்கறேன். டைரக்டரியைப் பார்த்தோம்னுதான் சொல்றாங்க.

— சொல்வாங்க, சொல்வாங்க.

— அந்த சைக்கிள் கடைக்காரர் கதை சொன்னேனா? அவர் உள்ளே இருக்கும்போதே ஸ்பிரிங் அறுந்து ஷட்டர் இறங்கிடுச்சு. கீழே ஒரு விரல் அளவு இடைவெளி. தரையில படுத்து, அதுவழியா வர்ற வெளிச்சத்துல டைரக்டரியைப் புரட்டியிருக்கார். நான் போய்ச் சேர்றதுக்குள்ள சமையல்காரர்லேருந்து சவப்பெட்டி செய்யறவர் வரைக்கும் எல்லாக் கட்டத்தையும் படிச்சு முடிச்சிட்டார். வெளியே வந்ததும் தெருவைப் பார்த்துக்கிட்டே நிக்கறார். “இந்த ஊர்ல இத்தனை பேர் நம்ம கூப்பிடுவோம்னு காத்துக்கிட்டிருக்காங்களே, இதுநாள் வரைக்கும் எனக்குத் தெரியாமப் போச்சேம்மா”ங்கறார்.

— நல்ல மனுஷன்.

— இப்ப சொல்லு. விளம்பரம் பலிக்குதா, இல்லையா?

— பலிக்குது. யாருக்குப் பலிக்குதுங்கறதுதான் கேள்வி. சின்னக் கட்டமே போதும், வாண்டு.

— புரியுது. உன் விளம்பரம் படுத்துடுச்சு, என்னோடது ஓடுது. வயித்தெரிச்சல்.

— நான் கடையை மூடினது தோளுக்காக. ஒரு ஸ்பிரிங்கை முறுக்கினா இந்த வலது கை ரெண்டு நாளைக்கு என்கூடப் பேச மாட்டேங்குது. மூடும்போது உன்கிட்ட வந்து என் வாடிக்கையை எல்லாம் எடுத்துக்கோன்னு சொன்னேன். நீதான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்ட.

— திருப்பத்தான் செய்வேன். ஒரே கடையில நீயும் நானும் சேர்ந்துதானே ஷட்டர் தூக்கினோம்? விளம்பரத்துல மட்டும் ‘சகோதரர்கள்’னு போட்ட. நான் எப்ப உனக்குத் தம்பியானேன்?

— சகோதரர்கள்னாக் கனமா இருக்கும்னு அந்த ஏஜென்ட்தான் சொன்னான்.

— நானே எண்பது கிலோ இருக்கேன். இந்தக் கனம் பத்தலையா?

— அன்னைக்கு நீ இவ்வளவு இல்ல.

— பேச்சை மாத்தாத. இனிமே உன் கையால ஒரு வேலைகூட வாங்க மாட்டேன்னு தனியாப் பிரிஞ்ச அன்னைக்குச் சொன்னேன், இன்னைக்கும் அதேதான். வீட்டுக்கு வந்தா அண்ணன், சோறு போடுவேன். ஷட்டர்னு வந்தா நீ யாரோ, நான் யாரோ. யார் தயவும் இல்லாம, என் பேர் போட்ட ஒரு கட்டத்தை வெச்சு இவ்வளவு தூரம் வந்திருக்கேன். அதான் அதைப் பெரிசாக்கறேன்.

— சரி தாயே.

— உன் சட்டைப் பையில போன் துடிக்குது பாரு.

— உங்க அண்ணிதான். இங்க சிக்னல் இல்ல, வராந்தாவுல போய்ப் பேசிட்டு வர்றேன்.

— அண்ணிகிட்டப் பேச எந்திரிச்சு வேற போறியா? நல்லாத்தான் வளர்த்திருக்கா. சீக்கிரம் வா, கவுண்டர் திறந்துடுவாங்க.

— வந்துட்டேன், வந்துட்டேன். முட்டை வாங்கிட்டு வரணுமாம்.

— இரு, எனக்கு வருது. ஹலோ. ஆமாங்க, ஷட்டர் ரிப்பேர்தான். பாதியில நிக்குதா? யாரையும் குனிஞ்சு உள்ளே போக விடாதீங்க, எப்ப வேணா இறங்கிடும். ஒரு மணி நேரத்துல வந்துடறேன். நம்பர் எங்க கிடைச்சுதுங்க? சரிங்க, ரொம்ப சந்தோஷம். கேட்டியாண்ணே? டைரக்டரியாம்.

— கேட்டேன்.

— இப்பவாவது ஒத்துக்கறியா?

— வாண்டு, நான் சொல்றதை ஒரே ஒரு தடவை கேளு. அந்தப் பணத்துல மெஷினை வாங்கு. கட்டம் சின்னதாவே இருக்கட்டும். பக்கத்துல என் கட்டமும் இருக்கும்ல.

— மூடின கடையோட கட்டம் என் பக்கத்துல எதுக்கு? துணைக்கா?

— துணைக்குன்னே வெச்சுக்கோ.

— ஷட்டர் ரிப்பேர் ரெண்டு பேரும் கவுண்டருக்கு வாங்க. மன்னிக்கணும் சார், சாப்பாட்டுக்கு அப்புறம் கம்ப்யூட்டர் எந்திரிக்கக் கொஞ்சம் நேரமாச்சு.

— எழுதிக்கோங்கம்மா. எனக்கு அரைப் பக்கம். பணம் எண்ணியே கொண்டு வந்திருக்கேன்.

— ஒரு நிமிஷம் மேடம், அதை உள்ளே வையுங்க. இந்த வருஷம் உங்களுக்கு ஒரு கட்டம் இலவசம். போன வருஷம் எங்க தப்பால உங்க விளம்பரம் அச்சுல விட்டுப்போச்சு இல்லையா, அதுக்கு ஈடா. புத்தகம் வந்த வாரமே சார் வந்து எங்களை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டார். உங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லிடறோம்னோம். வேண்டாம், நானே பக்குவமா சொல்லிக்கறேன்னார்.

— விட்டுப்போச்சா? என் கட்டம் புத்தகத்துலயே இல்லையா?

— ஷட்டர் ரிப்பேர்னு சாரோட கட்டம் ஒண்ணுதான் மேடம் இருக்கு. சார் உங்ககிட்டச் சொல்லலையா?

— அண்ணே, இங்க பாரு. தரையைப் பார்க்காத. அப்ப அந்த சைக்கிள் கடைக்காரர், இப்பக் கூப்பிட்டாரே அவர், டைரக்டரியைப் பார்த்தோம்னு இத்தனை மாசமா அத்தனை பேரும் என்கிட்டப் பொய்யா சொன்னாங்க? அப்ப என் நம்பரை அவங்களுக்கு யார் கொடுத்தா?

— யாரும் பொய் சொல்லல, வாண்டு. டைரக்டரியைப் பார்த்துதான் கூப்பிட்டாங்க. என்னை.