பாஸாகக் கூடாத பரீட்சை

— ஒரு தப்பு கூட இல்லையா மேடம்? நல்லாப் பாருங்க.

— இல்லம்மா. மூணு பத்தி, ஒரு எழுத்து பிசகல. என்ன பண்றதுன்னு தெரியாம உட்கார்ந்திருக்கேன்.

— கேட்டியா கண்ணு? நூத்துக்கு நூறு! சும்மா சொல்லக்கூடாது, என் மானத்தைக் காப்பாத்திட்ட.

— அம்மா, மிஸ் முகத்தைப் பாரு. சந்தோஷப்படுற மாதிரி தெரியல.

— உங்க பொண்ணுக்குப் புரியுது. பொறுங்க, இதை என்ன பரீட்சைன்னு நினைச்சு வந்தீங்க?

— வாசிக்கிற பரீட்சை. இதுல பாஸ் பண்ணினா, அடுத்த மாசம் பெரிய பரீட்சையில பக்கத்துல ஒரு ஆளை உட்கார வச்சு, கேள்வியை வாசிச்சுக் காட்டுவாங்க.

— தலைகீழாப் புரிஞ்சிருக்கீங்கம்மா. வாசிக்க வராத பிள்ளைக்குத்தான் ஆள். இவ்வளவு நல்லா வாசிச்சா, 'பாதிப்பு எதுவும் இல்லை'ன்னு எழுதி வீட்டுக்கு அனுப்பிடணும்.

— ஐயையோ! போன பரீட்சையில இவ மூணு மணி நேரம் கேள்வித்தாளை உத்துப் பார்த்துட்டு, வெறும் தாளை நீட்டிட்டு வந்தா மேடம். வாயால கேளுங்க, எல்லாத்துக்கும் டக்டக்குனு பதில் சொல்லுவா. ஆள் கிடைக்கலேன்னா இந்த வருஷமும் போச்சு.

— ஸ்கூல் லெட்டர்லயும் அப்படித்தான் இருக்கு. அதான் எனக்கு இடிக்குது. பாப்பா, இன்னொரு தடவை வாசி. இந்தா, பிடி.

— சரி மிஸ். "ஒரு குளத்தில் வயதான ஆமை ஒன்று இருந்தது. மழை வந்தால் மட்டும் அது கரைக்கு வந்து..."

— பொறு, பொறு. ஆமை எந்த வரியில இருக்கு? விரலை வை.

— இதோ... முதல் வரியில மிஸ்.

— அது ஆமை இல்லடா. தலைக்கு மேல சுத்துதே ஃபேன், அதுக்குக் கொடுத்த வாரண்டி அட்டை.

— அந்த ஃபேனும் ஆமை மாதிரிதான் சுத்துது மேடம்.

— அம்மா! நீ வாயை மூடு.

— பேச்சை மாத்தாதீங்க. இந்தக் கதை உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?

— நாங்க திருடல மேடம். போன வாரம் தேதி மாறி ஒரு நாள் வந்துட்டோம்ல, அப்போ வெளியே பெஞ்சுல உட்கார்ந்திருந்தோம். உள்ள நீங்க ஒரு பையனுக்கு இதைச் சத்தமா வாசிச்சுக் காட்டினீங்க. உங்க குரல் கதவுக்கு அடங்கற குரலா? எங்களுக்கு ஒரு தடவை காதுல விழுந்தா போதும்.

— அதுக்கப்புறம் வீட்டுல ஒரு வாரம் ஒத்திகை மிஸ். எங்க விரலை நகர்த்தணும், எங்க பக்கத்தைத் திருப்பணும், எல்லாம்.

— ரெண்டாவது பத்தி நடுவுல இருமினியே, அதுவுமா?

— நீங்க அந்த இடத்துல இருமினீங்க மிஸ். அதையும் விடக்கூடாதுன்னு அம்மா சொன்னாங்க.

— கடவுளே. ரத்தப் பரிசோதனைக்கு யாராவது தயார் பண்ணிட்டுப் போவாங்களாம்மா?

— முந்தின நாள் பட்டினி கிடந்து போறோமே மேடம்.

— உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியாது. பாப்பா, இது உனக்குப் புதுப் பக்கம். நான் இதுவரைக்கும் யாருக்கும் வாசிச்சுக் காட்டாதது. ஒரு நிமிஷம் தர்றேன். ம், ஆரம்பி.

— கா... காத்... மிஸ், எழுத்தெல்லாம் இடம் மாறி உட்கார்ந்துக்குது. காத்தா... காத்தாடி... செ... செய்...

— முயற்சி பண்ணு கண்ணு! மூச்சு விட்டுட்டு அடுத்த வார்த்தைக்குப் போ!

— அம்மா, சொல்லிக் கொடுக்காதீங்க.

— எனக்கு எங்க மேடம் தெரியும்? இது புதுசாச்சே.

— நிமிஷம் முடிஞ்சுது. போதும்டா.

— ஒன்றரை வார்த்தைதான் மிஸ் வந்துச்சு. பெயிலா?

— பிரமாதமான பெயில்.

— அப்பாடா! வயித்துல பாலை வார்த்தீங்க மேடம். இந்தப் பொண்ணு பெயிலாகணும்னு நான் வேண்டிக்கிட்டது இதுதான் முதல் தடவை.

— இன்னும் முடியல. அதே பக்கத்தை இப்போ நான் வாசிச்சுட்டேன்னு வை, உனக்குத் திருப்பிச் சொல்ல வருமா? கேளு. "காத்தாடி செய்பவர் ஒருவர் காற்றுக்குப் பயந்தார். காற்றடிக்கும் நாளில் கடையை மூடிவிட்டு வீட்டுக்குள் இருந்தார். காற்றில்லாத நாளில் கடை திறந்தார். யாரும் வாங்கவில்லை."

— "காத்தாடி செய்பவர் ஒருவர் காற்றுக்குப் பயந்தார்..." முழுசும் சொல்லவா மிஸ்? அதைவிட, அவர் காத்தாடியை விட்டுட்டுக் குடை செய்யலாமே.

— குடையும் காத்துல பறக்குமேடி.

— பறந்து போச்சுன்னா திரும்ப அவர்கிட்டதானேம்மா வாங்க வருவாங்க.

— பத்து வருஷமா இந்தப் பக்கத்தைப் பிள்ளைங்ககிட்ட வாசிக்கக் கொடுக்கிறேன். ஒரு பிள்ளை இப்படி யோசிச்சதில்ல. சரி, பாரத்தைப் பூர்த்தி பண்ணுவோம். ஒரே ஒரு கட்டத்துலதான் டிக் போடணும்.

— என்னென்ன கட்டம் இருக்கு, சொல்லுங்களேன்.

— பார்வை, காது, பேச்சு, கை கால் இயக்கம், மன இறுக்கம், அறிவு வளர்ச்சி, கற்றல் குறைபாடு. கடைசியில மீத்திறன், அதாவது வயசுக்கு மீறின திறமை.

— இதுல எது நல்லது மேடம்?

— புடவைக் கடையாம்மா, நல்லதா ஒண்ணு எடுக்க? உங்க பொண்ணுக்கு ரெண்டு பொருந்துது. கற்றல் குறைபாடு, மீத்திறன்.

— ஒண்ணு கம்மி, ஒண்ணு அதிகம்ங்கிறீங்க. கழிச்சுப் பார்த்தா சரியாத்தானே இருக்கா?

— கழிக்க முடியாதும்மா. எழுத்தைக் கண்டா திணறுறதும் நிஜம், கேட்டதைப் பிடிச்சுக்கிற மூளையும் நிஜம். ஆள் கிடைக்கணும், அதனால டிக் குறைபாட்டுல போடறேன். மீத்திறனை ஓரத்துல கையால எழுதறேன். யாராவது கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்.

— அப்போ பெரிய பரீட்சைக்கு ஆள் உண்டா மிஸ்?

— உண்டு. இன்னைக்கே அனுப்பிடறேன். அம்மா, நீங்க இந்தப் பக்கத்தை வாசிச்சுட்டு, விவரமெல்லாம் சரியான்னு பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க.

— எல்லாம் சரியாத்தான் இருக்கும் மேடம். எந்த இடத்துல போடணும்?

— வாசிக்காம போடக்கூடாதும்மா. அவசரமே இல்ல, மெதுவாப் பாருங்க.

— ம்... ஆச்சு. சரியா இருக்கு.

— அம்மா, மிஸ்கிட்ட சொல்லிடேன்.

— சும்மா இருடி.

— என்னம்மா? எதாவது தப்பா எழுதிட்டேனா?

— உங்க மேல என்ன தப்பு? ஒரு சந்தேகம், அவ்வளவுதான். பக்கத்துல உட்கார்ந்து வாசிச்சுக் காட்டுவாங்கன்னு சொன்னீங்களே, அந்த ஆள்... பரீட்சை எழுதாதவங்களுக்கும் வருவாங்களா மேடம்?