சந்திரனில் சுமை கனக்காது

போடிமெட்டுக்குப் போகும் ஜீப்பில் எனக்கு முன்னால் ஓர் ஏலத்தோட்டச் சுமைக்காரரும் அவர் மனைவியும். அவள் மடியிலிருந்த விஞ்ஞானப் புத்தகத்தை நானும் போன வாரந்தான் முடித்திருந்தேன். வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன்.

"இங்கேருங்க, சந்திரனுக்குப் போனா உங்க கழுத்து வலிக்காது. மூட்டை ஆறுல ஒரு பங்குதான் கனக்குமாம்."

"அங்க ஏலக்கா வெளையுமா?"

"காத்தே கெடையாதாம்."

"பெறகு எதைச் சொமக்க? ஒன்னையவா?"

"வெளையாடாதீங்க. இனிமே சொமந்தா கழுத்து போயிரும்னு வைத்தியர் சொன்னாருல்ல? எங்கூட ஒக்காந்து ஏலக்காத் தரம் பொறுக்க வாங்க."

"பொம்பளைக சோலிக்கா? சிரிப்பாளுக."

அவள் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. இரண்டு வளைவு தாண்டியதும் அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"சரித்தா, வர்றேன். பக்கத்துல ஒக்காந்து மிச்சத்தையும் சொல்லு. சத்தமாச் சொல்லு, சிரிக்கிறவளுகளும் கேக்கட்டும்."