அவரவர் விருப்பம்

— அந்த நேரம் நான் சொன்னது உண்மதான், இல்லேண்டு சொல்லல்ல. ஆனா ஜெயந்தினி, அது பேச்சு. பேச்சு வேற, வியாபாரம் வேற.

— என்னா மொதலாளி இப்பிடிச் சொல்றீங்க? காடு மண்டிக் கெடந்த தேயில அது. மானாப்புல்லு ஆள் ஒசரத்துக்கு நின்னுச்சு. நாங்க அஞ்சு பொம்பளைங்க, கெழம பூரா தொரை தோட்டத்துல முறிஞ்சிட்டு, ஞாயித்துக்கெழமையும் படுக்காம வந்து புல்லு புடுங்கி, செடியக் கவ்வாத்து வெட்டினோம். கூலி கேட்டோமா? ‘கொழுந்து வந்ததும் பாதி ஒங்களுக்கு’ன்னு நீங்க சொன்னீங்களே, அந்த ஒரு வார்த்தைக்காக வெட்டினோம்.

— நான் கூப்புட்டன், நீங்க வந்தீங்க. கையப் புடிச்சி இழுத்தனா?

— இல்லீங்க.

— அதான் பாரு. அவரவர் விருப்பம். இப்ப பண்டாரவளை ஸரூக் ஹாஜியார் அந்தக் காணிய கெஸ்ட்ஹவுஸ் கட்டக் கேக்கிறார். நல்ல வெலைக்கிக் கேக்கிறார். அவருக்கு வாங்க விருப்பம், எங்களுக்குக் குடுக்க விருப்பம். நடுவுல வேற யாருக்கு என்ன வேல? காமிலா, இந்தப் புள்ளைக்கி டீயக் குடு.

— குடுத்துட்டன். நீங்க போட்ட சத்தத்துல அது குடிக்க மறந்து ஆறிப் போய் இரிக்கி.

— இருக்கட்டும் காமிலாக்கா. ஏன் மொதலாளி, அந்தத் தேயிலய எல்லாம் புடுங்கிப்புட்டா கட்டுவாரு?

— பின்ன? அங்க இரிந்து பார்த்தா ஸ்பிரிங்வெளி மலை முழுக்கத் தெரியுது. வெள்ளக்காரன் அதுக்காகத்தான் வாறான்.

— அப்ப நம்ம தேயிலயப் புடுங்கிப்புட்டு, அங்க ஒக்காந்து அடுத்தவன் தேயிலயப் பாப்பாங்க!

— சிரிக்காத புள்ள. ரூம் கூட்ட, உடுப்புக் கழுவ ஆள் வேணும். நானே ஹாஜியார்ட்ட சொல்லி ஒங்கள எடுக்கச் சொல்றன்.

— கூட்டுறதுக்கு எங்களுக்கு எடமா இல்ல? தோட்டத்து வேலய விட்டா நாங்க குடியிருக்கிற லயத்துக் காம்பராவயும் விடச் சொல்லிருவாங்களோன்னு பயம். அந்தப் பயத்துலதான் விடிய முந்தி பேர் குடுக்கப் பெரட்டுக்கு ஓடுறோம். ஒங்க காணியில பாதிக் கொழுந்து கையில இருந்தா, கொஞ்சம் கொஞ்சமா வெளிய ஒரு எடம் பாத்துக்கலாம், தொரைகிட்ட ‘வரல்ல’ன்னு ஒரு நாளாவது நிமுந்து சொல்லலாம்னு இருந்தோம்.

— அதத்தான் நானும் சொல்றன்! தோட்டம் ஒங்களக் கட்டி வச்சிரிக்கி. எங்களயும் ஒரு காலத்துல கட்டித்தான் வச்சாங்க. நாலு முழம் சீத்தத் துணி விக்கிறதுக்கு என்ட வாப்பா பெர்மிட் கேட்டு அரசாங்கக் கச்சேரி வாசல்ல காஞ்ச காச்சல் எனக்குத் தெரியும். வியாபாரத்துக்குக் கதவத் தொறந்து விட்ட பொறகுதான் நாங்க மனிசரானம். விக்கிறதுக்கும், வாங்குறதுக்கும், ‘வேணாம் போ’ண்டு சொல்றதுக்கும் ஒரு மனிசனுக்கு உரிம இரிக்கோணும். இல்லாட்டி அவன் அடிம. அந்த உரிம இரிக்கிற எடம் சந்த மட்டும்தான். அதனாலதான் சந்த நியாயமானதுண்டு சொல்றன். இதுல நான் யாரோடயும் வாதாடுவன்.

— நல்லாத்தான் சொல்றீங்க. சத்தியமா எனக்கும் அது புடிக்கிது. ஒங்க காணியில எங்கள யாரும் ஏசல, வெரட்டல. ஆனா ஒண்ணு கேக்கவா? நான் வேணாம்னு சொன்னா என் அடுப்புல ஒல கொதிக்காது. நீங்க வேணாம்னு சொன்னா கொழுந்து கொஞ்சம் முத்திப் போகும், அவ்வளவுதான். ரெண்டு பேருக்கும் ஒரே உரிமன்னு எப்பிடிங்க சொல்றது?

— ஒன்ட கஷ்டத்த நானா உண்டாக்கின?

— அப்பிடி யாரு சொன்னா?

— பொறகு?

— வியாபாரம்னு சொல்லுங்க, தலையாட்டிட்டுப் போறேன். நியாயம்னு மட்டும் சொல்லாதீங்க மொதலாளி. வயிறு எரியிது.

— எழுத்துல ஒண்டும் இல்லியே ஜெயந்தினி. வாய்ப் பேச்ச வச்சிட்டு என்ன செய்ற?

— வாய்ப் பேச்சுலதான ஒங்க ஊரே ஓடுது? பதுளைச் சந்தையில லொறி லொறியா மரக்கறி எறங்குதே, எந்தக் கடதாசியப் பாத்து எறக்குறாங்க? சொன்ன சொல்ல மாத்துனா அடுத்த நாள் அங்க கால் வைக்க ஏலுமா?

— அவங்க வியாபாரிமார்.

— நாங்க?

— காமிலா, கொஞ்சம் தண்ணி கொண்டா.

— இந்தாங்க. ஒருக்கா மழயில நான் காணிப் பக்கம் போன. இதுகள் சாக்கத் தலையில போட்டுட்டு வெட்டிக்கிட்டு நிண்டிச்சி. அட்டக் கடியில கால் ரெண்டும் ரத்தம். நீங்க காணல்ல, நீங்க கடையில.

— பாவம்தான். பாவம் இல்லண்டு நான் சொல்லல்லியே. ஆனா பாவத்துக்காக உரிமய விட ஏலாது. சுத்தி வளைக்காமச் சொல்றன், ரெண்டு பேரும் கேளுங்க. ஒரு சாமானுக்கு யாரு சொந்தமோ, அந்த ஆள்ட விருப்பம்தான் கடசி. அரசாங்கமா இரிந்தாலும் சரி, ஹாஜியாரா இரிந்தாலும் சரி, கூடப் பொறந்தவனா இரிந்தாலும் சரி, அதுக்கு மேல கத கெடயாது. இதுல என்ன பிழ?

— எனக்குச் சொல்லத் தெரியல மொதலாளி. நான் வாறேன். அதுகள் நாலும் பஸ் ஸ்டாண்டுல காத்துக்கிட்டு இருக்குங்க. எந்த மூஞ்சோட போய்ச் சொல்றதுன்னுதான் தெரியல.

— காமிலா, நீ சொல்லு. நான் சொன்னதுல பிழ இரிக்கா?

— ஒரு பிழயும் இல்ல. சரியாத்தான் சொல்றீங்க.

— அப்பிடிச் சொல்லு! சரி, நீ கெதியா அபாயாவப் போட்டுட்டு வா. காணி எழுதுற நொத்தாரிஸ் பாத்துக்கிட்டு இரிப்பார்.

— நான் எதுக்கு?

— எதுக்கா? ஒப்பம் வைக்க. ஒன்ட வாப்பா கலியாணத்துக்கு ஒன்ட பேர்லதானே காணிய எழுதித் தந்தார்.

— அப்ப ஹாஜியாருக்குப் போன் பண்ணுங்க, சொந்தக்காரிக்கு விருப்பமில்லயாம் எண்டு. ஜெயந்தினி, நில்லு புள்ள. பஸ் ஸ்டாண்டுல நிக்கிற நாலு பேரயும் கூட்டிக்கிட்டு நொத்தாரிஸ்ட்ட வா, கொழுந்துல பாதிக்குப் பாதி எழுத நானும் வாறன்.