மெல்லிய பஞ்சில்தான் தொடங்க வேண்டும்

கார் பாலிஷ் போடுகிற எல்லாரும் எடுத்தவுடனே கடுமையான கம்பளி பேடில் கை வைத்துவிடுகிறார்கள், சார்ஜெண்ட். காரில் ஒரு கீறலைக் கண்டால் போதும், முரட்டு காம்பவுண்டை அப்பி மிஷினை ஓட்டிவிட வேண்டியது. நான் அப்படி இல்லை. முதலில் மெல்லிய பஞ்சு பேட், மிருதுவான பாலிஷ், ஓரமாக ஒரு சோதனை. அதில் கீறல் போகாவிட்டால்தான் அடுத்த பேடை எடுப்பேன். எங்கள் பயாமோன் ஊரில் யாரைக் கேட்டாலும் பட்டறை எரிபெர்ட்டோ பொறுமைசாலி என்றுதான் சொல்வார்கள்.

என் தங்கை நெரெய்டாவின் கணவன் எவாரிஸ்தோவிடம் ஒரு கறுப்பு கொரோல்லா கார் இருந்தது. பெயின்ட் நான் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை குவாவாத்தே மலையில் பன்றி வறுவல் தின்றுவிட்டு, அதே எண்ணெய்க் கையால் பானெட்டைத் தடவுவான். அதைப் பொறுத்துக்கொண்டேன். பறவை எச்சத்தைப் பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரால் தேய்ப்பான் பாருங்கள், அங்கேதான் எனக்கு வயிறு எரியும்.

"மாப்ளே, அது காரு. கறிச் சட்டி இல்ல."

"அட போ மச்சான். கீறல் விழுந்தா எடுக்க நீ இருக்கே. ஒனக்கும் பொழுது போகணும்ல?"

கீறலை எடுக்கிற ஒவ்வொரு முறையும் பெயின்டுக்கு மேலே காப்பாகப் பூசியிருக்கிற கிளியர் கோட்டும் கொஞ்சம் தேயும். தேய்ந்தது திரும்பி வராது. இதை அவனிடம் வாயால் சொன்னேன். அது மெல்லிய பஞ்சு, எடுபடவில்லை. அவன் பிறந்த நாளுக்கு, கார் துடைக்க நல்ல மைக்ரோஃபைபர் துணிகள் வாங்கிக் கொடுத்தேன். அதை நாய்க்குப் படுக்கையாகப் போட்டான்.

போன மாதம் கருவி வைத்து அந்தப் பூச்சின் கனத்தை அளந்து பார்த்தேன். இன்னும் ஒரே ஒரு பாலிஷைத்தான் அந்த கார் தாங்கும், அதற்குமேல் பெயின்ட் பல்லிளித்துவிடும். அன்றைக்கே அவன் பட்டறைக்குள் புது பச்சை நாரோடு வந்து நின்றான். கார் அல்லது அவன், இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும் என்று அப்போது புரிந்தது. நான் நியாயமாகத்தான் யோசித்தேன்.

அந்தக் கடைசி பாலிஷையும் போட்டுக் கொடுத்தேன். கறுப்புக் கண்ணாடி மாதிரி நின்றது. படம் எடுக்கலாம் வா என்று மலைக்குக் கூட்டிப்போனதும் நான்தான். வளைவில் காரை நிறுத்தினோம். அவன் பள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனைத் தூக்கிப் பிடித்தான்.

"இன்னும் கொஞ்சம் பின்னால போ மாப்ளே. வண்டி முழுசா வரட்டும்."

"போதுமா மச்சான்?"

"போதும்."

மிஷினை அழுத்தக் கூடாது, சார்ஜெண்ட். கற்றுக்குட்டிகள்தான் அழுத்துவார்கள். அதன் எடையே வேலையைப் பார்த்துக்கொள்ளும். அவன் நெஞ்சில் என் உள்ளங்கையை வைத்தேன், அவ்வளவுதான். மீதியை அவன் எடை பார்த்துக்கொண்டது.

அவன் போனிலிருந்து நீங்கள் காட்டிய கடைசிப் படத்தைப் பார்த்தேன். பாதிக்குமேல் என் கைதான் தெரிகிறது, கார் மங்கலாகக் கிடக்கிறது. ஒரு படம்கூட ஒழுங்காக எடுக்கத் தெரியாதவன்.

கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆத்திரத்தில் செய்தான் என்று மட்டும் எழுதாதீர்கள். ஆத்திரக்காரன் எடுத்தவுடனே கம்பளி பேடைத்தான் எடுத்திருப்பான்.

என்னை எப்போது வீட்டுக்கு விடுவீர்கள்? அடக்கத்தன்று நெரெய்டா அந்த கார்மேல் விழுந்து அழுதாள். விரலில் கல்யாண மோதிரம். பானெட்டில் அரைவட்டமாக ஒரு கீறல் விழுந்துவிட்டது. விரல் நுனியால் தடவிப் பார்த்தேன். என் கையால் சோறு ஊட்டி வளர்த்த தங்கை, அவள்மேல் எனக்கு உயிர்.

அவளுக்கும் முதலில் வாயால்தான் சொல்வேன்.