நாற்பத்தெட்டு கிலோ

கச்சிராயபாளையம் போகும் டவுன் பஸ்ஸில், கரும்பு வெட்டிவிட்டுத் திரும்பிய இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் இருந்தார்கள். மூத்தவள் திடீரென்று சொன்னாள்:

“எம்மருமவ தெனம் காலையில சிமெண்டு தூக்கறாடி.”

“சித்தாள் வேலைக்காக்கா?”

“இல்லடி, வூட்லயே. ரெண்டு பெயிண்ட் டப்பாவுல கான்கிரீட்டு ஊத்தி, நடுவுல இரும்பு பைப்பு சொருவி, அதத் தூக்கித் தூக்கி எறக்கிக்கினு இருக்கா.”

“கரும்புக் கட்டு தூக்கறது பத்தலையாமா?”

“நானும் அப்பிடித்தான் ஏசினேன். மொதல்ல பாதி டப்பாதான் ஊத்தினா. அப்பறம் மாசாமாசம் ஏத்திக்கினே போனா. ரேஷன் கடை தராசுல நாப்பத்தெட்டு கிலோ வந்ததும்தான் நிறுத்தினா.”

“அது இன்னா கணக்கு?”

“ஆஸ்பத்திரி சீட்டுல எங்க வூட்டுக்காரரு எடை அதான். கை கால் வராம படுத்து ரெண்டு வருசம் ஆவுதில்ல. தூக்கணும்னா தெருவுல ஆம்பளைங்கள கூப்புடணும். நேத்து இவ ஒருத்தியா தூக்கியாந்து வாசல்ல வெயில்ல உக்கார வச்சிட்டா.”

இளையவள் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள்.

“அவரு இன்னா சொன்னாருக்கா?”

“எதுத்த வூட்ல எப்ப மாடி கட்டினாங்கன்னு கேட்டாரு.”